வீட்டுத் தோட்டக் காய்களை எப்போது பறிக்க வேண்டும்? சுவை முதல் பாதுகாப்பு வரை ஒரு விளக்கம்

புதுடெல்லி: மாடியிலும் கொல்லைப்புறத்திலும் காய்கறி பயிரிடும் பல குடும்பங்கள் விதைத் தேர்வு, உரம், பூச்சித் தொல்லை ஆகியவற்றில் காட்டும் அக்கறையை அறுவடை நாளில் காட்டுவதில்லை. "இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும்" என்று விட்டுவைத்த வெண்டைக்காய் இரண்டே நாளில் நார் ஓடிப்போகிறது. "முழுதாகச் சிவக்கட்டும்" என்று காத்திருந்த தக்காளியை அணில் கடித்துவிடுகிறது. அவசரப்பட்டுத் தோண்டிய உருளைக்கிழங்கின் தோல் கையோடு உரிந்து வருகிறது. மூன்று மாத உழைப்பின் பலன், பறிக்கும் நாளைக் கணிப்பதில் ஏற்படும் தவறால் குறைந்துவிடுகிறது.

கேரள வேளாண் துறையின் "ஓணத்திற்கு ஒரு முறம் பச்சைக்கறி" திட்டம், மத்திய அரசின் ஊட்டச்சத்து இயக்கத்தின் கீழ் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அமைக்கப்படும் "போஷண் வாடிகா" தோட்டங்கள் போன்றவற்றால் வீட்டளவிலான காய்கறிச் சாகுபடி நாடெங்கும் பரவி வருகிறது. இந்நிலையில், எந்தக் காயை எந்தப் பருவத்தில் பறிப்பது, எவ்வாறு பறிப்பது, எந்தக் காயைப் பறித்தாலும் உண்ணக்கூடாது என்பவை குறித்து விரிவாகக் காண்போம்.

செடியின் நோக்கமும் சமையலறையின் தேவையும்

செடியைப் பொறுத்தவரை காய் என்பது விதையைப் பேணி வளர்க்கும் உறை மட்டுமே. விதை முற்றி முளைக்கும் திறனை அடைந்துவிட்டால் செடியின் கடமை முடிந்தது. ஆனால் வெண்டை, கத்தரி, வெள்ளரி, பீர்க்கு, அவரை போன்றவற்றில் விதை முற்றுவதற்கு முந்தைய இளம் பருவமே சமையலுக்கு உகந்தது. ஆகவே செடி விரும்பும் நாளும் சமையலறை விரும்பும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை.

இதில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. ஒரு செடியில் இரண்டு மூன்று காய்கள் முற்ற விடப்பட்டால், அதன் உணவுச் சத்து அந்த விதைகளை நிரப்பவே செல்கிறது. புதிய பூக்கள் குறைகின்றன. பிடித்த பிஞ்சுகளும் உதிர்கின்றன. மாறாக, காய்களை உரிய பருவத்தில் தொடர்ந்து பறித்து வந்தால் செடி மீண்டும் மீண்டும் பூக்கிறது. வெள்ளரி, வெண்டை, பீன்ஸ் ஆகியவற்றில் இது வெளிப்படையாகத் தெரியும். இலைகளுக்கு இடையே மறைந்து முற்றிப்போன ஒரு வெள்ளரிக்காய், அந்தக் கொடியின் மொத்த விளைச்சலையே மட்டுப்படுத்தக்கூடும்.

விதை உறையில் உள்ள நாள் கணக்கை நம்பலாமா?

விதைப் பொட்டலத்தின் மீது "45 நாட்கள்", "60 நாட்கள்" என அச்சிடப்பட்டிருப்பது ஒரு தோராய வழிகாட்டி மட்டுமே. வெண்டை, பீன்ஸ், முள்ளங்கி போன்று நேரடியாக விதைக்கப்படும் பயிர்களுக்கு இந்தக் கணக்கு விதைத்த நாளிலிருந்து தொடங்குகிறது. தக்காளி, கத்தரி, மிளகாய் போன்று நாற்றுவிட்டு நடப்படும் பயிர்களுக்குப் பெரும்பாலும் நாற்று நட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. இந்த வேறுபாட்டை அறியாததால், "இன்னும் காய்க்கவில்லையே" என்று பலரும் ஒரு மாதம் முன்னதாகவே கவலைகொள்கின்றனர்.

ரகத்தைப் பொறுத்தும் நாட்கள் மாறும். பெயரின் முன்னொட்டு "பூசா" எனில் டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும், "அர்கா" எனில் பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும், "காசி" எனில் வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனமும் உருவாக்கிய ரகம் என்று பொதுவாகக் கொள்ளலாம். அந்தந்த ரகத்தின் காய் நீளம், நிறம், முதல் பறிப்பு நாள் ஆகியவற்றை இந்நிறுவனங்கள் வெளியிடுகின்றன. தாம் விதைத்த ரகம் இயல்பாகவே குட்டைக் காய் தருவதா, நீளக் காய் தருவதா என்று தெரிந்திருந்தால், வளராத காய்க்காகக் காத்திருக்கும் நிலை ஏற்படாது.

வெப்பநிலை மற்றொரு காரணி. பெங்களூருவின் மிதமான காலநிலையில் வளரும் செடியும், மே மாத டெல்லி வெயிலில் மொட்டைமாடியில் நிற்கும் செடியும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. ஆகவே நாட்காட்டியைப் பார்த்துத் தோட்டத்துக்குச் செல்லத் தொடங்கலாம்; பறிக்கும் முடிவைக் காயைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

பிஞ்சிலேயே பறிக்க வேண்டியவை

வெண்டை: வெண்டைப் பூ ஒரே நாள் மலர்ந்து வாடிவிடும். பூ மலர்ந்த 5 முதல் 7 நாட்களில் காய் பறிப்புக்கு வந்துவிடும். காயின் நுனியை விரலால் வளைத்தால் "பட்" என்று ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்து கொடுத்தால் நார் ஏறிவிட்டது என்று பொருள். கோடைக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பது அவசியம். வெண்டையின் சுணை சிலருக்கு அரிப்பை உண்டாக்கும் என்பதால் கையுறை அணிவதும், கத்தரிக்கோலால் காம்பை வெட்டுவதும் நல்லது.

கத்தரி: இங்கு அளவைவிட மினுமினுப்பே முதன்மை அடையாளம். தோல் பளபளப்பாகவும் இறுக்கமாகவும் இருக்கும்போது பறித்தால் சதை மென்மையாக இருக்கும். பளபளப்பு மங்கி, ஊதா நிறம் வெளிறி, பழுப்பு அல்லது மஞ்சள் சாயல் தென்பட்டால் காய் முற்றிவிட்டது. அத்தகைய காயை அரிந்தால் விதைகள் பழுப்பேறியிருக்கும். சுவையிலும் கசப்பு தட்டும். காம்பு கட்டையாக இருப்பதால் கையால் இழுத்துப் பறித்தால் கிளையே பிளந்துவிடும். கத்தியால் வெட்டுவதே முறை.

பீன்ஸ், அவரை, கொத்தவரை: காயின் மேற்புறத்தில் விதைகள் முண்டு முண்டாகப் புடைக்கும் முன்பே பறிக்க வேண்டும். இளம் பீன்ஸை ஒடித்தால் ஓசையுடன் இரண்டாக உடையும். ஒடிக்கும்போது ஓரத்தில் நீண்ட நார் உரிந்து வந்தால், நாரில்லாத ரகமாக இருப்பின், பருவம் கடந்துவிட்டது எனலாம். மழையிலோ பனியிலோ இலைகள் நனைந்திருக்கும்போது பீன்ஸ் செடிகளுக்கு இடையே கைவிட்டுப் பறிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஈரமான இலைகளின் வழியே நோய்க்கிருமிகள் செடிக்குச் செடி பரவ இது வழிவகுக்கும்.

வெள்ளரி: ஒரே சீரான பச்சை நிறத்துடன், உறுதியாக இருக்கும்போது பறிக்க வேண்டும். பூ இருந்த முனையில் மஞ்சள் படர்ந்தால் உள்ளே விதை கெட்டியாகத் தொடங்கிவிட்டது.

பீர்க்கு, புடல், பாகல்: பீர்க்கங்காயை நகத்தால் கீறினால் எளிதில் பதிய வேண்டும். தாமதித்தால் உள்ளே வலைப்பின்னலாக நார் உருவாகிறது. குளிக்கப் பயன்படும் பீர்க்கங்கூடு இந்த முற்றிய நாரே ஆகும். புடலங்காய் இறுகித் தடிக்கும் முன் பறிக்கப்பட வேண்டும். பாகற்காயில் மேற்புறப் புடைப்புகள் தெளிவாக எழும்பி, நிறம் மாறாமல் இருக்கும் பருவமே சரியானது. நுனியில் மஞ்சள் தெரிந்தால் ஓரிரு நாளில் பழுத்து, ஆரஞ்சு நிறமாகி வெடித்துவிடும்.

முருங்கை: காய் விரல் பருமனை எட்டி, வளைத்தால் ஒடியும் நிலையில் பறிக்கலாம். விதைகள் திரண்டு, மேல்தோல் முறுகிய காய்கள் சமைத்தாலும் மெல்ல முடியாதவை.

சுரைக்காய் கசந்தால் எச்சரிக்கை

சுரைக்காயைப் பொறுத்தவரை அறுவடைப் பருவம் சுவையோடு மட்டும் தொடர்புடையது அன்று, உயிரோடும் தொடர்புடையது. இளம் சுரைக்காயின் தோலில் மெல்லிய பூனைமயிர் படர்ந்திருக்கும். நகம் எளிதில் இறங்கும். தோல் வழவழப்பாகி நகம் இறங்க மறுத்தால் காய் முற்றிவிட்டது.

சுரை, வெள்ளரி, பீர்க்கு உள்ளிட்ட கொடிக்காய்க் குடும்பத்தில் "குகுர்பிட்டாசின்" எனும் கசப்பு வேதிப்பொருள் உண்டு. பூச்சிகளிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி உருவாக்கும் நஞ்சு இது. சமையலுக்கான ரகங்களில் இது மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் கடும் வெயில், நீர்ப்பற்றாக்குறை, அளவுக்கு மீறிய முதிர்ச்சி போன்ற நிலைகளில் இதன் அளவு உயரக்கூடும். காட்டுச் சுரையுடன் மகரந்தக் கலப்பு ஏற்பட்ட விதையிலிருந்து முளைத்த கொடியிலும் கசப்புக் காய்கள் தோன்றலாம்.

2010-ம் ஆண்டு டெல்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாறு கலந்த பானத்தை அருந்திய ஒருவர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழு ஒன்றை அமைத்து ஆய்வு மேற்கொண்டது. அக்குழுவின் மதிப்பீடு 2012-ம் ஆண்டு வெளியானது. சாறு பிழியும் முன் சுரைக்காயின் சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். சுரைச் சாற்றை வேறெந்தச் சாற்றுடனும் கலக்கக்கூடாது. அருந்தியபின் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு போன்றவை தோன்றினால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகள். இந்த நஞ்சுக்குக் குறிப்பிட்ட முறிமருந்து ஏதும் இல்லை.

கசப்புக் காயை வெளித்தோற்றத்தைக் கொண்டு அடையாளம் காண இயலாது. சமைத்துவிட்டால் நஞ்சு நீங்கிவிடும் என்று நம்புவதும் தவறு. வீட்டில் வளர்ந்த காயை வீணாக்க மனம் வராமல் உண்பதே இதில் உள்ள பேராபத்து. இயல்பிலேயே கசக்கும் பாகற்காய்க்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. கசக்கக்கூடாத சுரை, வெள்ளரி, பீர்க்கு, பூசணி ஆகியவை வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாகக் கசந்தால், துப்பிவிட்டு மீதியை எறிவதே பாதுகாப்பானது.

முதிர விட வேண்டியவை

தக்காளி: எத்திலீன் எனும் வாயுவை வெளியிட்டு, பறித்த பின்னரும் தொடர்ந்து பழுக்கும் தன்மை தக்காளிக்கு உண்டு. காயின் அடிமுனையில் வெளிர்பச்சை மாறி, இளஞ்சிவப்புச் சாயல் தென்படத் தொடங்கும் செங்காய்ப் பருவத்தில் பறித்தாலும், அறை வெப்பநிலையில் வைத்தால் சில நாட்களில் முழுமையாகப் பழுத்துவிடும். அணில், பறவை, பழ ஈ ஆகியவற்றின் தொல்லை உள்ள இடங்களில் இதுவே சிறந்த வழி. முழுப் பச்சையாக, சதை முதிராத நிலையில் பறித்த காய்கள் சுருங்குமே தவிர நன்கு பழுப்பதில்லை.

வட இந்தியக் கோடையில் வீட்டுத் தக்காளி சிவக்காமல் மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ நின்றுவிடுவது பலரையும் குழப்புகிறது. தக்காளிக்குச் சிவப்பைத் தரும் "லைகோபீன்" நிறமி, ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் சரிவர உருவாவதில்லை. மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டின் மட்டும் தொடர்ந்து உருவாகிறது. இத்தகைய நாட்களில் செங்காயாகப் பறித்து, வீட்டினுள் நிழலான இடத்தில் பழுக்கவைத்தால் நிறம் மேம்படும். வெயில் இருந்தால்தான் தக்காளி சிவக்கும் என்ற எண்ணம் சரியன்று. பழுப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. ஜன்னல் ஓரத்து நேரடி வெயில் பழத்தைச் சூடாக்கிக் கெடுக்கவே செய்யும்.

நீண்ட வறட்சிக்குப் பின் திடீரெனப் பெய்யும் மழையில் பழுக்கும் நிலையிலுள்ள தக்காளிகள் வெடிப்பது வழக்கம். பலத்த மழை எதிர்பார்க்கப்படும்போது, நிறம் மாறத் தொடங்கிய காய்களை முன்கூட்டியே பறித்துவிடலாம்.

மிளகாய், குடைமிளகாய்: பச்சையாகவும் பறிக்கலாம், சிவந்த பின்பும் பறிக்கலாம். பச்சையாகப் பறித்துக்கொண்டே இருந்தால் காய்ப்பு நீடிக்கும். வற்றலுக்கு எனில் செடியிலேயே முழுதாகச் சிவக்க விட வேண்டும். குடைமிளகாய் சிவக்கவோ மஞ்சளாகவோ மேலும் சில வாரங்கள் ஆகும். அதற்கேற்ப இனிப்பு கூடும்.

பரங்கி, வெண்பூசணி: இவை பொறுமையைக் கோருபவை. பரங்கியின் தோலில் நகம் இறங்காத அளவுக்குக் கடினமாகி, காம்பு காய்ந்து தக்கைபோல் ஆன பிறகு பறிக்க வேண்டும். காம்பில் சில சென்டிமீட்டர் விட்டு வெட்டுவது முக்கியம். காம்பு முறிந்த காயில் அந்த இடத்திலேயே அழுகல் தொடங்கும். வெண்பூசணியில் சாம்பல் பூத்தாற்போன்ற மெழுகுப் பூச்சு நன்கு படிந்திருப்பது முதிர்ச்சியின் அடையாளம். இவ்விரண்டும் உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் பல வாரங்கள் கெடாமல் இருக்கும்.

கீரைகளுக்கு உரிய காலம்

முளைக்கீரை விதைத்த 25 முதல் 30 நாட்களிலும், வெந்தயக்கீரை மூன்று நான்கு வாரங்களிலும் பறிப்புக்கு வரும். பாலக்கீரையை ஒரு மாத அளவில் முதன்முறை அறுத்தபின், இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் அறுக்கலாம். பாலக்கீரையின் நடுக்குருத்தைச் சிதைக்காமல், வெளிப்புற இலைகளை மட்டும் எடுத்தாலோ தரையிலிருந்து சற்று உயரத்தில் அறுத்தாலோ அது மறுபடியும் தழைக்கும்.

கீரைகளுக்கு இறுதி எச்சரிக்கை, நடுவிலிருந்து எழும் பூந்தண்டு. தண்டு நீண்டு மொட்டு தென்பட்டால் இலைகள் சிறுத்து, சுவை மாறத் தொடங்கும். கொத்தமல்லி, பாலக் ஆகியவை வெயில் ஏறும் மாதங்களில் விரைவாகப் பூத்துவிடும் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையைத் தள்ளிப்போடாதிருப்பது நல்லது.

மண்ணுக்குள் இருப்பவற்றை எவ்வாறு அறிவது?

முள்ளங்கி: ரகத்தைப் பொறுத்து 30 முதல் 60 நாட்களில் தயாராகும். தோள்பகுதி மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதைக் கொண்டு பருமனை மதிப்பிடலாம். தாமதித்தால் உள்ளே பஞ்சுபோல் வெற்றிடம் விழும், காரமும் கூடும். ஒரே நாளில் விதைத்தவை ஒரே வாரத்தில் தயாராகிவிடுவதால், வாரம் ஒரு வரிசை வீதம் விதைப்பது வீட்டுத் தேவைக்கு ஏற்றது.

கேரட், பீட்ரூட்: மேல்மண்ணை விரலால் விலக்கி, வேரின் தோள்பகுதியைப் பார்த்து முடிவு செய்யலாம். பிடுங்கியவுடன் இலைகளைத் திருகி அகற்ற வேண்டும். இலைகள் அப்படியே இருந்தால் வேரிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றி, கேரட்டைத் துவளச் செய்துவிடும்.

உருளைக்கிழங்கு: செடியின் இலைகள் மஞ்சளாகிச் சாயத் தொடங்குவது முதிர்ச்சியின் அடையாளம். நீண்ட நாள் சேமிக்க வேண்டுமெனில், செடியைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு 10 முதல் 15 நாட்கள் கிழங்கை மண்ணிலேயே விட வேண்டும். அப்போதுதான் தோல் இறுகும். பெருவிரலால் தேய்த்தால் தோல் உரியாமல் இருப்பதே தோண்டுவதற்கான சான்று. வெளிச்சம் பட்டுப் பச்சை நிறமாகிய கிழங்குகளில் "சோலனைன்" உள்ளிட்ட நச்சுப்பொருட்கள் கூடியிருக்கும். பச்சையேறிய கிழங்கையும், கசக்கும் கிழங்கையும் உணவில் சேர்க்கக்கூடாது. வளரும் காலத்திலேயே கிழங்கு வெளியே தெரியாதவாறு மண் அணைத்துவிட்டால் இப்பிரச்சினையைத் தவிர்க்கலாம்.

வெங்காயம்: ஏறத்தாழ பாதிச் செடிகளின் கழுத்துப் பகுதி தளர்ந்து, தாள்கள் தாமாகவே சாய்ந்தபின் பிடுங்கலாம். அதற்குச் சில நாட்கள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும். பிடுங்கிய வெங்காயத்தை நிழலில் பரப்பி, கழுத்து நன்கு சுருங்கி உலரும்வரை விட்டு, பின்னர் தாளை நறுக்குவது அழுகலைக் குறைக்கும்.

குளிர்காலக் காய்கறிகள்

வட மாநிலங்களின் மாடித்தோட்டங்களில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலிஃபிளவர், முட்டைக்கோஸ், பட்டாணி ஆகியவை முக்கிய இடம் பெறுகின்றன. காலிஃபிளவரின் பூத்தலை வெண்மையாகவும் இறுக்கமாகவும் இருக்கும்போதே அறுக்க வேண்டும். மேற்பரப்பு அரிசி தூவியதுபோல் பிரிந்து விரியத் தொடங்கினால் தரம் குறைந்துவிட்டது. வெயில் பட்டு மஞ்சளாவதைத் தடுக்க, செடியின் சொந்த இலைகளையே பூவின் மீது மடித்துக் கட்டிவிடலாம். முட்டைக்கோஸை உள்ளங்கையால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். அந்நிலைக்குப் பின் விட்டுவைத்தால் நீர் அதிகமாகும்போது வெடித்துவிடும். புரோக்கோலியில் மொட்டுகள் மஞ்சளாக விரியும் முன் அறுவடை முடிந்திருக்க வேண்டும்.

பட்டாணியில் காய் நிரம்பியிருக்க வேண்டும்; ஆனால் மேல்தோலின் பசுமை மங்கியிருக்கக்கூடாது. பறித்த நொடி முதல் பட்டாணியின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. மக்காச்சோளத்திலும் இதுவே நிகழ்கிறது. கடையில் வாங்கும் பட்டாணியைவிடத் தோட்டத்துப் பட்டாணி இனிப்பதற்கு இந்த இடைவெளியே காரணம். மக்காச்சோளத்தில் கதிரின் பட்டுநூல் பழுப்பாகி உலர்ந்தபின், ஒரு மணியை நகத்தால் குத்தினால் பால் வர வேண்டும். தண்ணீர் போன்று வந்தால் இன்னும் காலம் உள்ளது. பசைபோல் வந்தால் முற்றிவிட்டது.

மருந்து தெளித்திருந்தால் காத்திருப்பது கட்டாயம்

காய் பறிப்புக்குத் தயாராக இருந்தும் பறிக்கக்கூடாத ஒரு சூழல் உண்டு. பூச்சிக்கொல்லி தெளித்த நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் "காத்திருப்புக் காலம்" எனப்படும். இது மருந்துக்கு மருந்தும், பயிருக்குப் பயிரும் வேறுபடும். மருந்துக் கொள்கலனுடன் வழங்கப்படும் துண்டுப்பிரசுரத்தில் குறிப்பிடப்பட்டிருக்கும். அந்த நாட்கள் கழியும் முன் பறித்த காயைக் கழுவினால் மட்டும் எச்சம் முழுமையாக நீங்கிவிடாது. செடிக்குள் ஊடுருவிப் பரவும் வகை மருந்துகளில் எச்சம் தோலின் மீது மட்டும் இருப்பதில்லை.

வெண்டை, வெள்ளரி போன்று ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய பயிர்களுக்கு நீண்ட காத்திருப்புக் காலம் கொண்ட மருந்துகள் பொருந்தவே மாட்டா. கொள்கலனில் உள்ள முக்கோணக் குறியின் நிறமும் கவனிக்கத்தக்கது. சிவப்பு மிகக் கடுமையான நஞ்சையும், மஞ்சள் கடும் நஞ்சையும், நீலம் மிதமான நஞ்சையும், பச்சை ஒப்பீட்டளவில் குறைந்த நஞ்சையும் குறிக்கின்றன. கொசு, கரப்பான் ஆகியவற்றுக்கான வீட்டு உபயோகத் தெளிப்பான்களை உணவுச் செடிகளின் மீது பயன்படுத்தக்கூடாது.

பறிக்கும் நேரமும் முறையும்

பறிக்கப்பட்ட காயும் சுவாசிக்கிறது. சேர்த்து வைத்த சத்தைச் செலவிடுகிறது. வெப்பம் கூடக்கூட இந்தச் சுவாசமும் வேகமெடுக்கும். அதனால் இரவின் குளிர்ச்சி எஞ்சியிருக்கும் அதிகாலையே பெரும்பாலான காய்கறிகளைப் பறிக்க ஏற்ற நேரம். கீரைகள் அப்போது நீர்ச்சத்து நிறைந்து விறைப்பாக இருக்கும். நண்பகலில் பறித்தவை கூடையிலேயே வாடிவிடும். பனித்துளி காய்ந்தபின் பறிப்பது அழுகலைக் குறைக்கும்.

கூர்மையான, சுத்தமான கத்தரிக்கோல் ஒன்றைத் தோட்டத்துக்கென ஒதுக்கிவைப்பது பயனளிக்கும். நோயுற்ற செடியில் வெட்டிய பின் கருவியைத் துடைக்காமல் அடுத்த செடியில் பயன்படுத்தக்கூடாது. காயைக் கீறாமலும் எறியாமலும் கூடையில் இட வேண்டும். சிறு கீறலும் அழுகலுக்கு வாசலாகிவிடும்.

பறித்தபின் எங்கே வைப்பது?

தக்காளியைப் பறித்தவுடன் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது பரவலான பழக்கம். ஆனால் குளிரில் தக்காளியின் மணத்துக்குக் காரணமான மரபணுக்களின் செயல்பாடு குன்றுவதை, ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆகவே பழுக்கும்வரை வெளியே வைப்பதே சரி. கத்தரி, வெள்ளரி, வெண்டை ஆகியவையும் கடுங்குளிரில் புள்ளி விழுந்து கெடக்கூடியவை; இவற்றை ஓரிரு நாளில் சமைத்துவிடுவது நல்லது. கீரைகளை வேர் நீக்கி, சற்று ஈரமான துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். பழுத்த தக்காளி, வாழைப்பழம் ஆகியவை வெளியிடும் எத்திலீன் கீரைகளை மஞ்சளாக்கிவிடும் என்பதால் இரண்டையும் அருகருகே வைக்கக்கூடாது. எந்தக் காயையும் கழுவி ஈரத்துடன் சேமிப்பதைவிட, சமைக்கும் முன் கழுவுவதே சிறந்தது.

கொல்லைப்புறத்தில் இடவசதி உள்ளவர்களுக்கு மின்சாரமே தேவைப்படாத ஒரு வழியும் உண்டு. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 1980-களில் உருவாக்கிய "பூஜ்ய ஆற்றல் குளிர் அறை", செங்கற்களால் ஆன இரட்டைச் சுவர் கொண்ட தொட்டியாகும். சுவர்களுக்கு இடையே சுமார் 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆற்று மணல் நிரப்பி, தினமும் நீர் தெளித்து ஈரமாக வைக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது உட்புறம் குளிர்கிறது. கோடையில் வெளி வெப்பநிலையைவிட 10 முதல் 15 டிகிரி வரை குறைவாகவும், ஈரப்பதம் 90 சதவீத அளவிலும் இருப்பதால் காய்கள் கூடுதல் நாட்கள் வாடாமல் இருக்கும். மண்பானையில் தண்ணீர் குளிரும் அதே தத்துவம்தான் இது.

விதைக்கு எவற்றை விடலாம்?

பருவத்தின் இறுதியில், நன்கு காய்த்த நோயற்ற செடியில் ஓரிரு காய்களை மட்டும் விதைக்கென விட்டுவைக்கலாம். வெண்டையைச் செடியிலேயே காயவிட வேண்டும். பீன்ஸ் நெற்று கலகலவென ஒலிக்க வேண்டும். தக்காளி நன்கு கனிய வேண்டும். வீரிய ஒட்டு ரகங்களிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தராது என்பதால் நாட்டு ரகங்களிலும் பொது ரகங்களிலும் மட்டுமே இது பயன்படும். சுரை, பூசணி போன்ற கொடிகளில் அயல் மகரந்தச் சேர்க்கை நிகழ்வதால், வீட்டு விதையில் முளைத்த கொடியின் முதல் காயைச் சுவைத்துப் பார்த்த பின்னரே சமையலுக்கு எடுக்க வேண்டும்.

சுருக்கமாக

வெண்டை, பீன்ஸ், வெள்ளரி: ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கவும், ஒடித்துப் பார்ப்பதே சோதனை.

கத்தரி: பளபளப்பு மங்கும் முன் பறிக்கவும்.

சுரை, பீர்க்கு: நகம் இறங்கும் பருவத்தில் பறிக்கவும், கடுமையாகக் கசந்தால் எறிந்துவிடவும்.

தக்காளி: செங்காயாகப் பறித்து நிழலில் பழுக்கவைக்கலாம்.

பரங்கி: நகம் இறங்காத நிலை வரும்வரை காத்திருக்கவும்.

கீரை: பூந்தண்டு எழும் முன் அறுக்கவும்.

உருளை, வெங்காயம்: இலை சாய்வதே அறிகுறி, பச்சையேறிய உருளையைத் தவிர்க்கவும்.

மருந்து தெளித்த பயிர்: காத்திருப்புக் காலம் முடியும் முன் எதையும் பறிக்கக்கூடாது.

நாடு முழுவதும் மாவட்ட அளவில் செயல்படும் 700-க்கும் மேற்பட்ட வேளாண் அறிவியல் நிலையங்கள், அந்தந்தப் பகுதிக்கு உகந்த ரகம், விதைப்புப் பருவம், அறுவடைக் காலம் ஆகியவை குறித்து ஆலோசனை வழங்கி வருகின்றன. இவற்றுள் முதலாவது நிலையம் 1974-ம் ஆண்டு புதுச்சேரியில் தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. வீட்டுத் தோட்டம் அமைத்திருப்போர், விதைத்த நாள், பூத்த நாள், முதல் பறிப்பு நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், அடுத்த பருவத்தில் விதை உறையில் உள்ள கணக்கைவிடத் துல்லியமான கணக்கு அவர்கள் கையிலேயே இருக்கும்.